மிளகுக்கு நம்பர் கிடையாது

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைத் திட்ட வேண்டாம். ஏற்காட்டில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கி ஒரு நாவலை முடிக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். நாவல் நகரவில்லை. எழுத்து நகராதபோது எழுதுகிறவர்கள் நடக்கப் போவார்கள். எனக்கு முட்டிவலி. ஆகவே ஏரிக்கரைக்குப் போய்க் குதிரையேறினேன்.

ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். சாம்பல் நிறக் குதிரை, உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி, பெயர் மிளகு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தவள் சுகுணா. முப்பத்துநான்கு வயது, கான்வாஸ் ஷூ, கணவனின் பழைய ஸ்வெட்டர். பாதிச் சுற்றில் கேட்டாள்.

“ஏனுங்க மேடம், நீங்க எழுதறவங்களாமா? லாட்ஜுல சொன்னாங்க.”

“ஆமாம்மா.”

“எழுத்துல இருந்தா எல்லாரும் நம்புவாங்களாங்க?”

நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்புக்கான தண்டனையைத்தான் இப்போது பக்கம் பக்கமாக அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதல் வரிக்காக நான் பட்ட பாட்டை மறைக்கப்போவதில்லை.

“சேர்வராயன் மலைமீது பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்—”

வேண்டாம். ஏற்காட்டுக்கு வந்து பனி இறங்கியதை எழுதாமல் திரும்பிய ஆள் ஒருவரைக் காட்டுங்கள்.

“சுகுணாவுக்குக் குதிரைதான் உலகம்—”

சுத்தப் பொய். அவளுக்கு ஜீப் ஓட்டும் கணவன் மாதையன் இருக்கிறான், எட்டாவது படிக்கும் மகள் இருக்கிறாள், காப்பிப் பழம் பறிக்கப் போகும் நாத்தனார் சாந்தி இருக்கிறாள், ராத்திரி எட்டு மணி சீரியல் இருக்கிறது. உலகம் நிறையவே இருக்கிறது.

“சிங்கராயர் எழுத்தில் இல்லாத எதையும் நம்பியதில்லை.”

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

சிங்கராயர் எழுத்தில் இல்லாத எதையும் நம்பியதில்லை. முப்பத்தொரு வருடம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பதை நோட்டில் ஏற்றுவதுதான் வேலை. கண்ணெதிரே ஒருத்தி கூடையோடு நின்றாலும், நோட்டில் பெயர் இல்லையென்றால் அவள் வரவில்லை. அவ்வளவுதான். ஓய்வுபெற்றபின் மூன்று குதிரை வாங்கி ஏரிக்கரையில் விட்டார். அதில் ஒன்று மிளகு. ஒன்பது வருடமாக அதன் கயிறு சுகுணாவின் கையில்.

போன வருடக் கடைசியில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். சேலத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் ஆள் ஒருவன் மிளகைக் கேட்டிருந்தான். கொடுத்துவிடலாம் என்றார்.

சுகுணா ஒப்பவில்லை. மிளகுக்குச் சத்தம் ஆகாது. ஒருமுறை ஏரிக்கரைப் பக்கம் யாரோ பிறந்தநாளுக்குச் சரவெடி கொளுத்தப்போய், இரண்டு நாள் அது தண்ணீர்கூடக் குடிக்காமல் நடுங்கிக்கொண்டே நின்றது. அதைக் கொண்டுபோய் பேண்டு வாத்தியத்துக்கும் வெடிக்கும் நடுவில் தினமும் நிறுத்துவதா?

“பதினோரு வயசாச்சு கண்ணு,” என்றார் சிங்கராயர். “இனி அது மலை ஏறாது. வர்ற புள்ளைங்ககூட அழுக்குக் குதிரை வேண்டாங்குது.”

“ஏறுமுங்க அய்யா. நான் பாத்துட்டுத்தானே இருக்கறன்.”

“நீ பாத்தது இருக்கட்டும். எழுத்துல இருக்கா?”

எழுத்தில் இல்லை. ஆனால் அந்த வாரமே லாட்ஜு வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பெருநகரத்துக் குதிரைச் சங்கம் ஒன்று ஏற்காட்டில் நாற்பது கிலோமீட்டர் நெடுந்தூரக் குதிரைப் போட்டி நடத்துகிறது. உள்ளூர்க் குதிரைகளும் கலந்துகொள்ளலாம். இந்தப் போட்டியில் முதலில் ஓடிவருவது பெரிய விஷயமே இல்லை. நாற்பதும் போய்த் திரும்பியபின் குதிரை நொண்டாமல் நடக்க வேண்டும். வந்து நின்ற இருபது நிமிடத்துக்குள் அதன் நெஞ்சுத்துடிப்பு, நிமிடத்துக்கு அறுபத்துநான்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். இறங்கினால், ‘முடித்தது’ என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை கிடைக்கும். இறங்காவிட்டால், எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தாலும் பேசாமல் ஊடு திரும்ப வேண்டியதுதான்.

(மேலே ‘ஊடு’ என்று எழுதிவிட்டேன். சுகுணாவோடு பேசிப் பேசி வந்த வினை. ‘வீடு’ என்று திருத்தப் போனேன், மனசு வரவில்லை. இருக்கட்டும்.)

சுகுணா அந்த நோட்டீஸைக் கிழித்தெடுத்துக்கொண்டு சிங்கராயரிடம் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார்.

“அந்த அட்டையக் கொண்டாந்து குடு சாமி. அப்பறம் நான் எதுக்கு விக்கறன்?”

3

பயிற்சியை எழுதும்போது கதைக்காரர்கள் வழக்கமாக ஏமாற்றுவார்கள். ‘நாட்கள் உருண்டோடின’ என்று ஒரு வரி. மூன்று மாதம் அந்த வரிக்கடியில் நசுங்கிப்போகும். நான் உருட்ட மாட்டேன். குப்பனூர் ரோட்டின் வளைவுகளில் அவள் ஏறி இறங்கியது அத்தனையும் அவள் முட்டியில் எழுதியிருக்கிறது. கேட்டால் காட்டுவாள்.

விடிந்ததும் கிளம்புவாள். சுற்றுலாக்காரர்கள் பத்து மணிக்குத்தான் வருவார்கள், அதற்குள் திரும்பிவிட வேண்டும். முதல் மாதம் நடை மட்டும். இரண்டாவது மாதம் ஏற்றத்தில் நடை, சமதளத்தில் மெல்லோட்டம். இறக்கம் வந்தால் கீழே குதித்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுவாள். இறக்கத்தில் குதிரையின் முன்னங்கால்தான் எல்லாப் பாரத்தையும் வாங்கும். அதற்கு மேல் அவள் பாரம் வேறு எதற்கு? ஒன்பது வருடம் குதிரைக்குப் பக்கத்தில் நடந்தவளுக்குக் கீழே இறங்குவது கௌரவக் குறைச்சலாகப் படவில்லை.

நெஞ்சுத்துடிப்பு எண்ணுவதைப் போனில் ஒரு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். இடது முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால், விலா தொடங்கும் இடத்தில் உள்ளங்கையைப் பதிக்க வேண்டும். முதல் வாரம் நூற்றிருபது, நூற்றுமுப்பது என்று வந்தது. அழுதேவிட்டாள். சாந்திதான் கண்டுபிடித்தாள்.

“ஏ சுகுணா, அது உன்ற நெஞ்சு அடிக்கறதடி. மேல ஓடி வந்துட்டு மூச்சு வாங்கற நீயி. குதுர கம்முனுதா நிக்குது.”

மிளகுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது போனைத் தூக்கினால் நின்றுவிடும். ஏரிக்கரையில் ஒன்பது வருடம் போட்டோவுக்கு நின்ற குதிரை. படம் எடுத்து முடித்து, போன் கீழே இறங்கினால்தான் அடுத்த அடி. இதை எப்படி மாற்றுவது என்று சுகுணாவுக்குத் தெரியவில்லை. மாறவும் இல்லை.

இன்னொரு பழக்கமும் இருந்தது. அதைக் கெட்ட பழக்கம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. காலையில் கொட்டடிக்கு வந்ததும் அவள் தூக்குப்போசியைத் திறந்து, வெல்லம் போட்ட வரக்காப்பியை மூடியில் ஊற்றுவாள். முதல் மூடி மிளகுக்கு, இரண்டாவது தனக்கு.*

* எஸ்டேட் லயன் வீடுகளில் பிறந்த யாருக்கும் இதில் வியக்க ஒன்றுமில்லை. குளிருக்குக் காப்பி. பச்சைக் குழந்தைக்கும் கொடுப்பார்கள், மாட்டுக்கும் கொடுப்பார்கள். பால் இல்லாதவர்கள் வீட்டில் காப்பி மட்டும் எப்போதும் இருக்கும். மலை முழுக்க அதுதானே விளைகிறது.

4

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் குதிரைகளைப் பதிவு செய்தார்கள். மேசையில் உட்கார்ந்திருந்தவன் கோகுல் என்ற இளைஞன், சங்கத்துக்காரன். நல்ல பையன். படிவத்தின் கேள்விகளைத் தமிழில் சொல்லிச் சொல்லி அவனே நிரப்பினான்.

“கடைசி மூணு நாளா என்னென்ன தீனி குடுத்தீங்க அக்கா?”

புல், கோதுமைத் தவிடு, கொள்ளு, இரண்டு கேரட். எல்லாம் சொல்லிவிட்டு, அவளுக்கு ஒரு பெருமை தாங்கவில்லை.

“அப்பறம் வரக்காப்பிங்க. நம்ம எஸ்டேட்டு காப்பிக்கொட்டதா. சிக்கரி துளிகூடக் கலக்கறதில்லீங்க.”

கோகுலின் பேனா நின்றது.

காப்பியில் இருக்கும் கஃபீன் தடைசெய்யப்பட்ட மருந்துகளின் பட்டியலில் இருக்கிறது. குதிரையின் களைப்பை மறைத்து ஓட வைக்குமாம். மூத்திரத்தில் சில நாள் தங்கும். சோதித்தால் மாட்டும். அவன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“அக்கா, இத எழுத வேண்டாம். எங்க காதுல விழலைன்னு வெச்சுக்கறோம். உள்ளூர்க் குதிரைய யாரும் சோதிக்கப்போறதில்ல.”

சுகுணா தலையாட்டினாள். கோகுல் ‘தண்ணீர்’ என்று எழுதி, பன்னிரண்டு என்ற எண்ணை அவள் கையில்—

இப்படித்தான் முதலில் எழுதினேன். அவள் தலையாட்டியிருந்தால் கதை சொகுசாக ஓடியிருக்கும். ஓடவில்லை. இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகமே வந்தது. மிளகைக் காப்பாற்ற வேண்டும். ஒரு வார்த்தையை மறைத்தால் போதும். எந்தப் பெண் மறைக்க மாட்டாள்? கதாபாத்திரத்தை யோக்கியமாகக் காட்ட ஆசைப்பட்டு நான்தான் ஏதாவது செய்துவிட்டேனா? நேராக ஏரிக்கரைக்குப் போய்க் கேட்டேன்.

“ஏம்மா, ஒரு பொய் சொல்லியிருந்தா என்ன?”

“ரைட்டரய்யா முப்பத்தொரு வருசம் பொய்க் கணக்கப் புடிச்சவருங்க மேடம். மோந்தே கண்டுபுடிச்சிருவாரு.”

“அது மட்டுந்தானா?”

கயிற்றை ஒரு தடவை முறுக்கிவிட்டுச் சொன்னாள். “நான் ஆசையாக் குடுத்தத நானே மறைச்சன்னா, மிளகு என்னமோ தப்பு பண்ணுன மாதிரி ஆயிருமில்லீங்க? அவ என்ன பண்ணுனா? குடுத்தன், குடிச்சா.”

ஆகவே திருத்தி எழுதுகிறேன். சுகுணா தலையாட்டவில்லை. “எழுதுங்க,” என்றாள். கோகுல் எழுதினான். சங்கத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். மிளகுக்கு நம்பர் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் அழவில்லை. (ஒரு வரைவில் அழ வைத்திருந்தேன். கிழித்துப் போட்டாயிற்று.) மேசைமீது கையை ஊன்றிக் கேட்டாள்.

“நம்பர்தானுங்க உங்களுது. ரோடு உங்களுதா?”

5

மறுநாள் காலை பதினோரு குதிரைகள் நம்பரோடு கிளம்பின. கடைசிக் குதிரை வளைவில் மறைந்து ஐந்து நிமிடம் கழித்து, நம்பர் இல்லாமல் மிளகு கிளம்பியது. அன்று அதற்குக் காப்பி கிடையாது. மூடிக்காக மூக்கை நீட்டிக்கொண்டே இருந்தது. சுகுணாவும் அன்று குடிக்கவில்லை.

பாதை எஸ்டேட்டுகளுக்குள் சுற்றி இருபதாவது கிலோமீட்டரில் செம்மநத்தம், அங்கிருந்து வேறு வழியாகத் திரும்பி ஏற்காடு. ஒரு எஸ்டேட் கேட்டில் அவளைத் தடுக்கச் சொல்லிச் சங்கத்தார் ஏற்பாடு. கேட்டில் நின்ற வாட்ச்மேன் அவள் பெரியப்பா மகன்.

“நம்பர் இல்லாத குதுரய உட வேண்டான்னாங்க,” என்றான், கேட்டைத் திறந்துகொண்டே. “நான் பாக்கறப்ப குதுர எதும் வரல. சீக்கிரம் போ.”

செம்மநத்தத்துக்கு முன்னால் ஊர்ஜனம் ரோட்டோரம் கூடியிருந்தது. அவர்கள் ஊரில் குதிரைப் போட்டி நடப்பது இதுவே முதல் தடவை. எல்லார் கையிலும் போன். மிளகு நின்றது. சுகுணா கெஞ்சினாள், கொஞ்சினாள், திட்டினாள். அது கழுத்தை நிமிர்த்திக் காதை முன்னால் வைத்துக்கொண்டு ஒய்யாரமாக நின்றது. ஒரு வீட்டார் படம் எடுத்து முடித்தால் அடுத்த வீட்டார். இப்படி ஒன்பது இடம். ஒவ்வொரு தடவையும் சுகுணா வேறு வழியில்லாமல் கீழே இறங்கி, அதன் கழுத்துக்கும் காலுக்கும் தண்ணீர் ஊற்றினாள். முன்னால் பறந்த குதிரைகளில் மூன்று, பாதித் தூரத்துச் சோதனையில் நெஞ்சுத்துடிப்பு இறங்காமல் வெளியேற்றப்பட்டிருந்தன. மிளகு போட்டோவுக்கு நின்றே இளைப்பாறி வந்திருந்தது.

சோதனைக் கூடாரத்தில் டாக்டர் கவியா இருந்தாள். சேலத்துப் பெண், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

“நம்பர் இல்லாத குதிரைய நான் பாக்க முடியாதுங்க.”

“சரிங்க. நானே பாத்துக்கறன்.” சுகுணா அவளுக்கு எதிரிலேயே நின்று உள்ளங்கையை வைத்து, டாக்டர் காதில் விழும்படி உரக்க எண்ணினாள். அறுபத்திரண்டு. பாதையில் மறுபடி ஏறினாள்.

திரும்பும் வழி கொடுமை. வெயில் ஏறிவிட்டது. கடைசி ஏழு கிலோமீட்டரில் அவள் சேணத்தில் உட்காரவே இல்லை. மிளகின் கழுத்தில் நுரை கட்டியது. ஒரு இடத்தில் சுகுணா கால் மடங்கி விழுந்தாள். மிளகு நின்று, திரும்பி, அவள் தலைமுடியை மோந்து பார்த்தது. “போட்டோ இல்லடி, நட,” என்றாள். நடந்தார்கள்.

6

இனி முடிவு. என்னிடம் மூன்று இருந்தன.

அ) டாக்டர் கவியா மனமிரங்கி, வெற்று அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுக்கிறாள். எனக்குக் கண்ணீரே வந்தது. டாக்டருக்கு வரவில்லை. “விதி குதிரைக்காகத்தாங்க. காப்பி குடிச்ச குதிரையோட களைப்பு எனக்குத் தெரியாமப் போயிரும். செத்து விழுந்தா யாரு பொறுப்பு?” என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. “காப்பி குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்குமுங்க டாக்டரு, கம்மியாவா அடிக்கும்?” என்று சுகுணா கேட்டதிலும் தப்பு இல்லை. டாக்டர் சிரித்தாள். எழுதவில்லை.

ஆ) சங்கத்தார் மன்னிப்புக் கேட்டு நம்பர் தருகிறார்கள். இதை எழுத ஆரம்பித்து நான்காவது வார்த்தையில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.

இ) சிங்கராயர் ஓடி வந்து குதிரையைக் கட்டிப்பிடித்து—

சிங்கராயரா!

நடந்தது வேறு. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் சுகுணா நேராக என்னிடம் வந்தாள். நான் நோட்டோடு ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன், வேடிக்கை பார்ப்பது என் தொழில் என்கிற நினைப்பில்.

“ஒரு தாள் கிழிங்க மேடம்.”

கிழித்தேன். பனி இறங்கிக்கொண்டிருந்த முதல் வரி எழுதிய தாள். அதன் பின்பக்கம் காலி. அவள் கூட்டத்தைப் பார்த்துக் குரலெடுத்தாள்.

“எண்ணத் தெரிஞ்சவங்க வாங்க! யாரு வேணாலும் வாங்க! இங்க கையை வெச்சு ஒரு நிமிசம் எண்ணுங்க. வந்ததை வந்த மாதிரி எழுதி, கையெழுத்துப் போடுங்க!”

முதலில் வந்தது, ஆச்சரியம், கோகுல். அறுபத்தாறு என்று எழுதிக் கையெழுத்திட்டான். அவன் முகம் வாடிவிட்டது. பிறகு டீக்கடை ராசாத்தி, அறுபத்தொன்று. பிறகு நம்பரோடு வந்து, குதிரை நொண்டியதால் அட்டை கிடைக்காத கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி, அறுபது. சாந்தி, ஐம்பத்தெட்டு. நேரம் போகப் போக எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. கண்முன்னால் பார்த்த யாருக்கும் சந்தேகமில்லை.

கூட்டத்தில் நின்றிருந்த சிங்கராயர் தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டார். சாந்தியின் பெயரை அடித்தார். “ஒறவு.” பிறகு மீதி மூன்றையும் பார்த்தார்.

“ஒருத்தரு அறுபத்தாறுங்கறாரு. ரெண்டு பேரு கம்மிங்கறாங்க. யாரு மொதல்ல எண்ணுனது, யாரு கடைசில? நேரம் எங்க? நேரம் போடாத எழுத்து என்ன எழுத்து?”

நேரத்தை எழுதாதது என் தவறு. தாள் என் கையில் இருந்தது, பேனா என் கையில் இருந்தது, முப்பது வருடமாக எழுதுகிறேன் என்ற மிதப்பும் இருந்தது. இப்போதுகூட நேரங்களைச் சேர்த்துவிடலாம், யாருக்குத் தெரியும்? பேனாவை எடுத்தேன். சுகுணா என்னைப் பார்த்த பார்வையில் மூடி வைத்துவிட்டேன்.

“இன்னும் ஒரு ஆளு,” என்றார் சிங்கராயர். “உனக்கு ஒறவில்லாத ஆளு. போட்டில சம்பந்தமில்லாத ஆளு. நேரத்தோட எழுதித் தரட்டும். நான் விக்கல.”

7

அந்த ஆள் நானாக இருக்க முடியாது. எந்த எண்ணையும் எழுதிவிடும் வசதி எனக்கு இருக்கிறது. அப்படிப்பட்டவளின் சாட்சி செல்லாது. சிங்கராயரிடம் மட்டுமல்ல, என்னிடமே செல்லாது.

சேலத்து ஆள் வண்டியோடு வந்து ரோட்டில் காத்திருக்கிறான். இருக்கட்டும். கதை எழுதுகிறவளால் குதிரையைக் காப்பாற்ற முடியாமல் போகலாம், ஒரு நிமிடத்தைப் பிடித்து நிறுத்தி வைக்க முடியும். இப்போது மணி, மிளகு வந்து நின்றதிலிருந்து பதினெட்டாவது நிமிடம். நான் அனுமதிக்காமல் பத்தொன்பது பிறக்காது. சங்கத்தார் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும். வண்டிக்காரன் ஹாரன் அடிக்கட்டும். நீங்கள் வரும்வரை நான் அடுத்த வரியை எழுதப்போவதில்லை.

நீங்கள் சுகுணாவுக்கு உறவில்லை. போட்டியில் உங்களுக்குப் பங்கில்லை. மிளகை இதுவரை பார்த்ததுகூடக் கிடையாது. வாருங்கள். இடது பக்கம். முன்னங்கால் உடம்போடு சேரும் இடத்துக்குப் பின்னால், விலா தொடங்கும் இடம். வியர்வை ஈரம் இருக்கும், கூச்சப்படாமல் உள்ளங்கையை நன்றாகப் பதியுங்கள். உங்கள் நெஞ்சுத்துடிப்பும் அதுவும் முதலில் குழம்பும். கொஞ்சம் பொறுத்தால் பிரிந்து கேட்கும்.

சுகுணா கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். உங்களிடம் ஏதோ சொல்கிறாள்.

“நிதானமா எண்ணுங்க. அறுபத்துநாலுக்கு மேல வந்தா, மேலன்னே எழுதுங்க. பொய் மட்டும் வேண்டாங்க.”

நேரம்: பதினெட்டாவது நிமிடம்

துடிப்பு: ..............

எண்ணியவர்: ..............